ஜெபம் பண்ணி முடிவெடுப்பது எப்படி? கிறிஸ்தவக் கல்லூரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளையிடம் முதல் வருடம் முடிவதற்குள் மூன்று கேள்விகளில் ஒன்றாவது வந்து நிற்கும். முழுநேர ஊழியத்துக்குப் போவதா? மனதுக்குப் பிடித்த இவரைக் கட்டிக்கொள்வது தேவ சித்தமா? ஞானஸ்நானம் எடுக்கலாமா? தாம்பரமோ பாளையங்கோட்டையோ நாகர்கோவிலோ மதுரையோ, எந்த ஊரானாலும் இது மாறுவதில்லை. வீட்டை விட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். ஹாஸ்டல் ஜெபக்குழுவில் புதிய நட்புகள் கிடைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே, வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மாணவர் ஐக்கியங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் பிள்ளைகள் நன்றாக ஜெபிக்கிறார்கள், ஆனால் விசாரிப்பதில்லை. விசாரித்தால் விசுவாசம் குறைவு என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வேதாகமத்தில் வரும், பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கிறது என்று கிஸ்லேவ் மாதத்தில் கேள்விப்பட்டு அழுது உபவாசித்தவர், ராஜாவிடம் அதைப் பற்றி வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். 'உனக்கு என்ன வேண்டும்' என்று ராஜா கேட்டதும் அந்த இடத்திலேயே ஒரு ஜெபம், உடனே விவரமான பதில்: எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கு யாரிடம் கேட்க வேண்டும். அந்த நான்கு மாதத்தில் அவர் விசாரிக்கவும் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரிகிறது. நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

எந்த முடிவுக்கு எப்போது அவசரம்?

ஒரு நோட்டை எடுத்து, மனதில் ஓடுகிற முடிவுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று விவரம் போதும். எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்? சொன்னபின் மாற்ற முடியுமா? இதனால் பாதிக்கப்படும் இன்னொருவர் யார்?

எழுதிப் பார்த்தால் பாரம் பாதி குறையும். பாடம் மாற்றுவது என்றால் சேர்ந்த சில வாரங்களுக்குள் அலுவலகத்தில் கேட்டாக வேண்டும், அது நிஜமான அவசரம். குருத்துவப் படிப்புக்குப் போவது பட்டம் முடித்த பிறகு. கல்யாணம் அதற்கும் பிறகு. முதல் வருடத்தில் நெஞ்சை அழுத்துகிற முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. அதை 'இன்றைக்கே' என்று யாராவது சொன்னால், அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முகாமின் கடைசி இரவு

மாணவர் முகாம் எப்படி நடக்கும் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. மூன்று நாள் வேதபாடம், பாட்டு, சாட்சி. கடைசி இரவு செய்தி முடிகிற நேரத்தில் கீபோர்டு மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கும். 'எல்லாரும் கண்களை மூடுங்கள். முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் இருந்த இடத்தில் எழுந்து நில்லுங்கள்' என்பார் பிரசங்கியார். பக்கத்தில் ஒருவர் எழும் சத்தம் கேட்கும். அழுகை வரும். பிறகு ஒரு அட்டை கைக்கு வரும்: பெயர், வகுப்பு, போன் நம்பர், என்ன தீர்மானம்.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. பலருடைய நல்ல ஊழியம் அப்படி ஒரு இரவில்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் அந்த இரவு தொடக்கத்துக்கு மட்டும் போதுமானது. கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், ஆன்மீகப் பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிவைத்தார்: பயிற்சி பெறுபவர் ஆறுதலிலும் உற்சாகத்திலும் பொங்கிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு வார்த்தைப்பாடு கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மறுபக்கமும் சொன்னார். மனம் வறண்டு கிடக்கும் நாட்களில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆக இருந்தாலும் பெந்தெகொஸ்தே ஆக இருந்தாலும் இந்த இரண்டும் உதவும். பொங்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள், வாடும்போது கிழித்துப் போடாதீர்கள்.

எழுந்து நிற்கத் தோன்றினால் நில்லுங்கள். ஆனால் அட்டையை நிரப்பும் முன், அன்றிரவே உங்கள் நோட்டில் தேதி போட்டு, தேவனிடம் என்ன சொன்னீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'வட இந்தியாவுக்குப் போவேன்' என்றா, 'நீர் எங்கே சொன்னாலும் போவேன்' என்றா? இரண்டும் ஒன்றல்ல. செமஸ்டர் தேர்வு முடிந்து, லீவில் வீட்டுக்குப் போய், நன்றாகத் தூங்கி எழுந்தபின் அதை மறுபடி வாசியுங்கள். அப்போதும் அது உங்களை விடவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

வசனம், சீட்டு, அடையாளம்

புது வருட ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை ஹாஸ்டல் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைக்காத பிள்ளை குறைவு. அதிலும் எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம், எத்தனையோ அலமாரிகளில் இருக்கிறது. ஒரு முறை அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. எழுபது வருடம் முடிந்த பின்புதான் திரும்பி வருவீர்கள் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது அதே அதிகாரம். அதை முழுதாக வாசித்தவர், அடுத்த மாத இன்டர்வியூ நிச்சயம் கிடைக்கும் என்று அதிலிருந்து எடுக்க மாட்டார். ஆனால் இன்டர்வியூ கிடைக்காமல் போனாலும் தாங்கி நிற்க அதில் ஆதாரம் இருக்கிறது.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, சீட்டு எழுதிக் குலுக்குவது, 'நாளைக்கு அவள் நீலச் சுடிதாரில் வந்தால் உம்முடைய சித்தம்' என்று கேட்பது, இவற்றைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, அது நனைகிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்டானே என்பார்கள். தேவன் பேசிவிட்டார் என்று தெரிந்தபின், தைரியம் போதாமல்தான் அவன் அதைக் கேட்டான். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டதும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. ஆவியானவர் வந்தபின் அப்போஸ்தலர் 15இல் சபை ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தவிதம் வேறு: கூடினார்கள், வாதாடினார்கள், களத்தில் இருந்தவர்கள் கண்டதைச் சொன்னார்கள், வேதத்தைப் பார்த்தார்கள், பிறகு 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று எழுதினார்கள். உங்கள் முடிவுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

யாரிடம் கேட்பது?

மூன்று பேர் வேண்டும். உங்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர் ஒருவர். நீங்கள் போக நினைக்கும் வேலையைப் பத்து வருடமாவது செய்தவர் ஒருவர். உங்கள் முடிவால் எந்த லாபமும் நஷ்டமும் இல்லாதவர் ஒருவர். இந்த மூன்றாமவர் கிடைப்பதுதான் கஷ்டம். கல்லூரிச் சாப்ளின், அதாவது கல்லூரியின் ஆன்மீகப் பணிக்கான குருவானவர், பெரும்பாலும் அந்த இடத்துக்குப் பொருத்தமானவர். அறைக்குப் போய், 'ஐயா, ஒரு காரியம் பேச அரைமணி நேரம் வேண்டும்' என்று கேளுங்கள். அப்படி வருகிறவர்களுக்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத மாணவர்களும் போகலாம், போகிறார்கள்.

'கர்த்தர் உன்னைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்' என்று ஆரம்பிக்கிறவரிடம் மட்டும் நிதானம் தேவை. வார்த்தை உங்கள் மனதில் ஏற்கெனவே ஓடியதை உறுதிப்படுத்தினால் குறித்துவையுங்கள். இதுவரை நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்யச் சொன்னால் காத்திருங்கள். சொன்னவருக்கே அதில் ஆதாயம் இருந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு: 'நீதான் எனக்கு என்று கர்த்தர் காட்டினார்' என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னால், அது அவருடைய விருப்பம் மட்டுமே. 'எனக்குக் காட்டவில்லை அண்ணா' என்று சொல்லிவிட்டு வருவதில் எந்தப் பாவமும் இல்லை. அதற்குப் பிறகும் விடாமல் வந்தால் வார்டனிடமோ சாப்ளினிடமோ அன்றைக்கே சொல்லுங்கள்.

ஊழியம் என்றால் எது, எத்தனை வருடம்?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் 'ஊழியம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வழிகள் இருக்கின்றன.

சி.எஸ்.ஐ. ஆயராக வேண்டுமானால் தொடக்கம் உங்கள் சொந்தச் சபையில்தான். சேகர ஆயரும் கமிட்டியும் சிபாரிசு செய்து, திருமண்டலம் (பேராயரின் நிர்வாகப் பகுதி) தேர்ந்தெடுத்து இறையியல் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் பெங்களூரிலும் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்ற இறையியல் பட்டத்துக்குப் படிக்கலாம். பட்டதாரிக்கு அது நான்கு வருடம். பெண்களுக்கும் இந்த வழி உண்டு. 2013இல் நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்ற புஷ்பலலிதா ஒரு பெண்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இறையழைத்தல் பற்றிப் பேசப் பங்குத்தந்தையும் சபைகளின் அழைத்தல் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். இயேசு சபையில் நவதுறவு என்ற தொடக்கப் பயிற்சி மட்டுமே இரண்டு வருடம், குருப்பட்டம் வரை பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அந்த நீண்ட காலமே தேர்ந்து தெளிவதற்கான காலம். மிஷனெரி இயக்கங்களின் வழி வேறு. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வீட்டுக் கதை போலத் தெரிந்திருக்கும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இன்னும் தாம்பரம் போகாத காலத்தில் அங்கே படித்தவர். பட்டம் வாங்காமலே வெளியே வந்து ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராக மாணவரிடையே வேலை செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபைகள் தாங்களே மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அவர் 1909இல் தாமே தெலுங்கு நாட்டின் டோர்னக்கலுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கல்லூரியை விட்டதிலிருந்து டோர்னக்கல் போகும்வரை பத்து வருடத்துக்கு மேல். அந்த இடைக்காலமெல்லாம் வீண் என்று அவர் வாழ்க்கையைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் (சி.எம்.சி.) தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை முகாமுக்கு முகாம் சொல்லப்படும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டதும், டாக்டரான தகப்பனை ஆண் என்பதால் ஏற்காமல் அவர்கள் திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் இறந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசங்கம் பெரும்பாலும் அந்த இரவோடு முடிந்துவிடும். அவர் அமெரிக்கா திரும்பி, வருடக்கணக்கில் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்றுத்தான் 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல். அந்த இரவுக்கு அர்த்தம் கொடுத்தது அனாட்டமியும் பரீட்சையும்தான். அதனால், 'ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனிப் படிப்பு எதற்கு' என்று அரியர் வைக்காதீர்கள்.

அடுத்த மே மாத லீவில் இரண்டு வாரமாவது நீங்கள் போக நினைக்கும் இடத்தில் தங்கிப் பாருங்கள். மிஷன் ஆஸ்பத்திரியோ, மலைவாழ் மக்கள் பள்ளியோ, கிராமச் சபையோ. அங்கே வேலை செய்கிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மாதச் சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வீட்டில் வயதான பெற்றோரை யார் பார்க்கிறார்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் உட்கார்ந்து, ஆகும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுதான். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. 'வயிற்றில் இருக்கும்போதே உன்னை ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணினேன்' என்று அம்மா சொல்லி வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் அதிகம். பிறக்குமுன்பே மகன் சாமுவேலைத் தேவனுக்கென்று பொருத்தனை பண்ணிய அன்னாளின் கதை அழகானது. ஆனால் ஆலயத்தில் விடப்பட்ட சாமுவேலும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தைத் தானே கேட்டுத்தான் பதில் சொன்னான். உங்களுக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்றால், அம்மாவிடம் அன்போடு சொல்லலாம்: 'நீங்கள் கொடுத்துவிட்டீர்கள் அம்மா. அவர் என்னை எங்கே வைக்கிறார் என்று பார்ப்போம்.' வங்கியிலோ பள்ளியிலோ நேர்மையாக வேலை செய்கிற பிள்ளையும் கொடுக்கப்பட்ட பிள்ளைதான்.

ஸ்பான்சர்ஷிப் வாங்கிச் சேர்ந்தவர்களுக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் சபையின் ஸ்பான்சர்ஷிப்பில் சேர்ந்தால், படிப்பு முடிந்து இரண்டு வருடம் அந்தச் சபை அனுப்பும் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். பதினேழு பதினெட்டு வயதில், சீட் கிடைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் கொடுக்கும் வாக்கு இது. கையெழுத்துப் போடும் முன் அப்பாவும் நீங்களும் ஒப்பந்தத்தை வரி விடாமல் வாசியுங்கள். எந்த ஆஸ்பத்திரிகள், மேற்படிப்புக்கு முன்பா பின்பா, போகாவிட்டால் என்ன? சேர்ந்தபின் அந்த இரண்டு வருடத்தைத் தண்டனையாக எண்ணாதீர்கள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவார் என்று காத்திருக்கிறவர்கள் நிஜமான மனிதர்கள்.

கல்யாணம்

'ஜெபம் பண்ணிச் சொல்கிறேன்' என்று ஒருவரிடம் சொன்னால், தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஒருவரைத் தொங்கலில் விடுவது அன்பாகாது. நிஜமாகவே வேண்டாம் என்றால் கர்த்தர் பெயரைச் சொல்லாமல், 'எனக்கு விருப்பமில்லை' என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இருவருக்கும் விருப்பம் என்றால் சபைப் பிரிவு, சாதி, வரதட்சணை ஆகிய மூன்றையும் ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேசுங்கள். கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையினரை மணக்க மறைமாவட்ட அனுமதி வேண்டும். அது பங்குத்தந்தை வழியாகக் கிடைக்கும், பெரிய தடை அல்ல. சாதிதான் பெரிய தடை. ஒரே கோவிலில் நற்கருணை எடுத்துக்கொண்டு, பெண் பார்க்கும்போது மட்டும் 'நம்ம ஆட்களா' என்று கேட்கிற வீடுகள் நம்மிடையே ஏராளம். அது சுவிசேஷத்துக்கு விரோதம் என்று தெளிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் அதை எதிர்கொள்ளத் தைரியம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்தவருக்கு வாக்குக் கொடுங்கள். வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. 'அவர்களாக விரும்பிப் போடுகிறார்கள்' என்ற பேச்சை மாப்பிள்ளைப் பையன்தான் நிறுத்த வேண்டும். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தபின் பேசிப் பயனில்லை, படிக்கும்போதே அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

ஞானஸ்நானம்

குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்களை 'முழுக்கு எடு' என்று சில ஜெபக்குழுக்கள் நெருக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கச் சபைகள் ஞானஸ்நானம் ஒரே முறைதான் என்று போதிக்கின்றன. உங்கள் ஆயரிடம் பேசாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கிறிஸ்தவர் அல்லாத வீட்டிலிருந்து வந்து, இயேசுவின்மேல் உண்மையாகவே பற்று வந்தவர்களுக்கு இது பெரிய காரியம். அவர்களிடம் யாரும் மறைக்கக் கூடாத ஒரு விஷயம் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. ஆதிதிராவிட மாணவர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவார். கல்வி உதவித்தொகையை மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் தருகிறது, ஆனால் வேலையில் பட்டியல் சாதி இடஒதுக்கீடு போய்விடும். பழங்குடியினருக்கு இப்படி மத நிபந்தனை இல்லை. இந்த ஆணை அநியாயம் என்பதே என் கருத்து, தலித் கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆனாலும் இன்றைய நிலை இதுதான். 'அதையெல்லாம் யோசிக்காதே, விசுவாசி' என்று சொல்கிறவர் இழக்கப்போவது ஒன்றுமில்லை, இழப்பு உங்கள் குடும்பத்துக்கு. தெரிந்து, கணக்குப் பார்த்து, வீட்டாரிடம் சொல்லி எடுக்கிற ஞானஸ்நானத்துக்கு யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. அதற்காகக் காத்திருக்கிற வருடங்களிலும் ஜெபிக்கலாம், வேதம் வாசிக்கலாம், சிற்றாலயத்துக்கு வரலாம்.

முடிவு மாறினால்

பாரிசில் சாந்த்-பார்ப் கல்லூரியில் பீட்டர் ஃபேபரோடு ஒரே அறையில் இருந்தவர் பிரான்சிஸ் சேவியர். 1529இல் இஞ்ஞாசியாரும் அந்த அறைக்கு வந்தார். பேரும் பதவியும் தேடிக்கொண்டிருந்த சேவியர் மனம் மாற வருடங்கள் ஆயின. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ரில் ஏழு நண்பர்கள் எடுத்த வார்த்தைப்பாட்டில், எருசலேம் போவோம் என்பதோடு, கப்பல் கிடைக்காவிட்டால் போப்பாண்டவர் அனுப்பும் இடத்துக்குப் போவோம் என்ற வரியும் இருந்தது. போர் மூண்டு கப்பல் கிடைக்கவில்லை. அந்த ஏழு பேரில் இந்தியாவுக்கு என்று குறிக்கப்பட்ட பொபடில்லாவும் நோயில் விழுந்ததால், அவருக்குப் பதிலாகப் புறப்பட்ட சேவியர் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

உங்கள் நோட்டிலும் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் அப்படி ஒரு வரி எழுதுங்கள்: 'இது நடக்காவிட்டால் நான் செய்யப்போவது…' அந்த வரியை நிரப்ப முடியவில்லை என்றால் இன்னும் விசாரிக்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். நிரப்பிவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு சாப்ளின் அறைக்குப் போங்கள். ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்த வாக்கை மாற்ற வேண்டி வந்திருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் அவரையே நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.